நெட்டிப் பூவும் ஒளிச்சரமும்



நாட்டின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் கோயில்களையும் செப்பேடுகளையும் சான்றாகக் கொள்வர். அவை நெடுங்காலம் நிலைத்து நிற்பவை. திருவிழாவுக்கென்று செய்யப்படும் அணிகளுக்கு அந்த நிலைபேறு இல்லை. மூன்று நாளோ ஐந்து நாளோ விளங்கிவிட்டு, அவை ஆற்றோடு போகும். அல்லது அவிழ்த்துச் சுருட்டப்பட்டுப் பெட்டிக்குள் முடங்கும். ஆதலின் அவற்றைச் செய்த கைகளின் கதை ஏட்டில் ஏறுவது அரிது. ஆயினும் ஊரார் பிள்ளை குட்டிகளோடு தெருவில் இறங்கி, இரவெல்லாம் கண்விழித்துக் கண்டு மகிழ்வது அந்த அணிகளைத்தாம்.

அத்தகைய அணிக்கலைகள் இரண்டின் வரலாற்றை இங்கே காண்போம். ஒன்று, நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டைச் சீவிச் செய்யும் வெண்ணிற மாலையும் மகுடமும். மற்றொன்று, மின்விளக்குகளைச் சரமாகக் கோத்து ஆக்கும் ஒளி மாலையும் ஒளிச்சித்திரமும். இவ்விரண்டும் ஒருங்கே சிறந்து விளங்கும் ஊர் ஒன்று வங்காளத்தில் உண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த சந்தன்நகர் அது.

தென்னாட்டிலிருந்து பெயர்ந்து கொல்கத்தாவிலும் மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் தமிழருக்கு இவ்வரலாற்றில் தனியானதொரு பயன் உண்டு. வெளியூரிலிருந்து வந்த பொருள் எப்போது உள்ளூர்ப் பொருளாகிறது என்னும் கேள்விக்கு இதில் விடை கிடைக்கிறது.

நீரில் வளரும் செடி

வங்காளிகள் 'ஷோலா' என்று அழைக்கும் செடியைத் தமிழர் அறியாதவர் அல்லர். நாம் நெட்டி என்கிறோம். பழந்தமிழில் கிடை என்றும் அதற்குப் பெயருண்டு. மழைக்காலத்தில் ஏரி ஓரங்களிலும், நீர் தேங்கிய வயல்களிலும், சதுப்பு நிலங்களிலும் அது தானாகவே வளரும். பயறும் அவரையும் சேர்ந்த பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. மேலே பழுப்பு நிறப் பட்டை. உள்ளே பால் போன்ற வெண்மை. அந்த வெண்பகுதியைப் பொதுவாகத் தண்டின் சோறு என்று கருதுவர். தாவர நூலார் ஆராய்ந்து, அது உண்மையில் மரமே என்று கண்டனர். மரவகைகளுள் மிக இலேசானவற்றில் இஃது ஒன்று. கையில் எடுத்தால் எடுத்ததாகவே தோன்றாது. இந்த இலேசான தன்மைதான் அதை அணிகலனுக்கு ஏற்றதாக்கியது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மகுடத்தைக் களிமண் திருமேனியின் தலையில் பொன்னாலோ மரத்தாலோ செய்து வைத்தால் திருமேனி தாங்காது. நெட்டியால் செய்தால் தாங்கும்.

மழை ஓய்ந்ததும் தண்டுகளை அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, வெயிலில் நன்கு உலர்த்துவர். பின்னர்ப் பட்டையைச் சீவி நீக்குவர். அகன்ற கூரிய கத்தியை ஒரு கையில் நிலையாகப் பிடித்து, மறு கையால் தண்டை மெல்ல உருட்டிக்கொண்டே வந்தால், வெண்பகுதி காகிதம்போல் மெல்லிய நீண்ட சுருளாக உரிந்து வரும். கை சற்றே நடுங்கினாலும் சுருள் அறுந்துவிடும். அந்தச் சுருளை மடித்து வெட்டினால் இதழ். இதழ்களை நூலால் கட்டினால் பூ. பூக்களைக் கோத்தால் மாலை. தடித்த துண்டுகளைச் செதுக்கினால் மயில், யானை, படகு, மகுடத்தின் கொடிவேலை ஆகியன உருவாகும். தந்தத்தில் செய்த வேலையோ என்று ஐயுறும்படி அவை அமையும்.

மாலாகாரர் மரபு

வங்காளத்தில் இத்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டோர் மாலாகாரர் எனப்படுவர். மாலை கட்டுவோர் என்பதே அச்சொல்லின் பொருள். தங்கள் தொழிலுக்கு அவர்கள் ஒரு புராணக் கதை சொல்வதுண்டு. சிவபெருமான் தம் திருமணத்துக்கு வெண்மையான மகுடம் வேண்டுமென்று விரும்பினாராம். அவர் திருவுளப்படி நீரில் ஷோலாச் செடி முளைத்தது. தேவதச்சனாகிய விசுவகர்மாவை அழைத்தனர். கல்லையும் பொன்னையும் மரத்தையும் கையாண்டு பழகிய அவருடைய கைக்கு இந்த மென்பொருள் பிடிபடவில்லை. அதன் பின்னரே மாலாகாரன் தோன்றி மகுடமும் மாலையும் செய்து கொடுத்தான் என்பது கதை. வல்லமை மிக்க தச்சனாலும் ஆகாத ஒன்று தங்கள் விரலுக்கு ஆகும் என்னும் பெருமிதம் இக்கதையில் ஒலிப்பதை நேயர்கள் உணரலாம்.

இன்றும் வங்காளி மணமகன் தலையில் அணியும் கூம்பு வடிவான 'தோபோர்', மணமகள் அணியும் 'முகுட்' ஆகியவை நெட்டியால் செய்யப்படுகின்றன. குழந்தைக்கு முதன்முதலில் சோறூட்டும் சடங்கிலும் சிறு தோபோர் சூட்டுவர். பிறப்பை ஒட்டிய சடங்கிலும் மணத்திலும் கடவுள் வழிபாட்டிலும் வங்காளியின் வாழ்வோடு ஒட்டி வருவது இவ்வெண்மை. பர்த்தமான் பகுதியில் பங்காபாசி என்னும் சிற்றூர் இக்கைவினைக்குப் பெயர் பெற்றது. முர்ஷிதாபாத் பகுதியிலும் செதுக்கு வேலையில் வல்லவர்கள் வாழ்ந்து வருகின்றனர்.

தபாலில் வந்த அலங்காரம்

துர்க்கை பூசைக்குரிய திருமேனிகளின் அலங்காரத்தில் வங்காளிகள் இரண்டு வகை கூறுவர். நெட்டியால் மட்டும் வெண்மையாகச் செய்யப்படுவது 'ஷோலார் சாஜ்', அதாவது நெட்டி அலங்காரம். வெள்ளிபோல் மின்னும் மெல்லிய தகட்டை நெட்டியின்மேல் பதித்துச் செய்வது 'டாகேர் சாஜ்'. 'டாக்' என்றால் தபால் என்று நேயர்கள் அறிவர். ஆகவே தபால் அலங்காரம் என்பதே அதன் பொருள். அம்மனின் மகுடத்துக்கும் தபாலுக்கும் என்ன தொடர்பு?

ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சி வங்காளத்தில் காலூன்றிய காலத்தில், கல்கத்தாவில் வணிகத்தாலும் கம்பெனி உத்தியோகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பங்கள் எழுந்தன. ஷோபாபாஜார் அரண்மனையில் நவகிருஷ்ண தேவ் 1757ஆம் ஆண்டு நடத்திய துர்க்கை பூசை பெயர் பெற்றது. அவ்வாறான செல்வர் இல்லங்களில் பூசை ஒருவரை ஒருவர் விஞ்சும் போட்டியாகவே வளர்ந்தது. மற்றொரு புறம், 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தபால் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1854இல் அரை அணாத் தபால் தலை வந்தது. கப்பல் வழியே ஐரோப்பியப் பொருள்கள் பொதி பொதியாக வந்து இறங்கின. அவற்றுள் ஒன்று ஜெர்மனியில் அடித்த மெல்லிய உலோகத் தகடு. அது தபாலில் வந்தமையால், அதைக் கொண்டு செய்த அலங்காரமும் தபால் அலங்காரம் எனப் பெயர் பெற்றது என்று வங்காளிகள் மரபாகக் கூறுகின்றனர்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. இன்று வங்காளியிடம் சென்று, "உங்கள் அம்மனுக்குப் பழைய முறைப்படி அலங்காரம் செய்வதென்றால் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால், "டாகேர் சாஜ்" என்று பெருமையோடு விடை வரும். பெயரிலேயே வெளியூர் முத்திரையைத் தாங்கிய பொருள், பழைமையின் அடையாளமாகிவிட்டது. எப்படி ஆயிற்று? ஜெர்மனியில் அடித்த தகடு தகடாக மட்டுமே வந்தது. அதை நறுக்கி, நெட்டியின்மேல் பதித்து, கொடியும் கொழுந்தும் சுருளுமாக மாற்றி, அம்மனின் நெற்றிக்கு ஏற்ற வளைவு கொடுத்தவர் மாலாகாரர். பொருள் வெளிநாட்டது; வேலைப்பாடு உள்ளூரது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மனியோடு வாணிபம் தடைப்பட்டது. பின்னாளில் உள்நாட்டுத் தகடும் ஜிகினாவும் அவ்விடத்தைப் பிடித்தன. தபாலில் தகடு வருவது நின்று பல்லாண்டுகள் ஆனபோதிலும் தபால் அலங்காரம் என்னும் பெயர் நிற்கவில்லை. பெயர் வேலைப்பாட்டுக்கு உரியதாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் நெட்டிக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கில அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சினர். இலேசானதும் வெப்பத்தைத் தடுப்பதுமாகிய நெட்டியைக் கொண்டு தலைக்கவசம் போன்ற தொப்பி செய்து அணிந்தனர். 'ஷோலா' என்னும் வங்காளச் சொல் அவர்கள் வாயில் திரிந்து, ஞாயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு குழம்பியது. வெயிலுக்கு அணிவதால் அப்பெயர் வந்தது என்று பலர் நம்பினர். வங்காளத்துச் சேற்றில் முளைத்த செடி, அதிகாரத்தின் சின்னமாக உலகெங்கும் ஐரோப்பியர் தலைமேல் ஏறிச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தொப்பி வழக்கொழிந்தது. மாலாகாரரின் தோபோரோ இன்றும் மணமேடைகளில் நிலைத்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ஊர்

இனிச் சந்தன்நகருக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் அங்கே வணிகக் கொத்தளம் அமைத்தனர். 1731 முதல் பத்தாண்டுகள் அவ்வூரின் தலைமைப் பொறுப்பில் இருந்து அதன் வாணிபத்தைப் பெருக்கியவர் டூப்ளே. அவரே 1742இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தார். நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பக்கம் தோறும் வரும் டூப்ளே இவர்தாம். ஆகவே சந்தன்நகரும் புதுச்சேரியும் ஒரே கொடியின் கீழ் வாழ்ந்த உடன்பிறப்புகள் எனலாம். 1757 மார்ச்சு மாதத்தில் கிளைவும் வாட்சனும் அவ்வூரைத் தாக்கிக் கோட்டையை வீழ்த்தினர். பின்னர் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோதிலும் பழைய வாணிப வளம் திரும்பவில்லை. 1949 சூன் 19ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக இந்தியாவோடு சேர விரும்பினர். 1950 மே 2ஆம் நாள் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1954 அக்டோபர் 2ஆம் நாள் ஊர் மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 1ஆம் நாள், புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது.

இவ்வூரின் பெருவிழா செகத்தாத்திரி பூசை. உலகைத் தாங்குபவள் என்பது அப்பெயரின் பொருள். சிங்கத்தின்மேல் அமர்ந்து, நான்கு கரங்களில் சங்கும் சக்கரமும் வில்லும் அம்பும் ஏந்தி, யானை வடிவ அசுரனை அடக்கிய கோலம். துர்க்கை பூசைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, கார்த்திக மாத வளர்பிறை நவமியை ஒட்டி இவ்விழா நிகழும். கிருஷ்ணநகர் அரசர் கிருஷ்ணசந்திரர் நவாபின் சிறையில் இருந்து, துர்க்கை பூசை முடிந்த பின்னரே விடுதலை பெற்றார் என்றும், பூசை தவறிய வருத்தத்தில் இருந்த அவருடைய கனவில் அம்மன் தோன்றி அடுத்த மாதம் வழிபடுமாறு பணித்தாள் என்றும் ஐதிகம் கூறும். அவருடைய நண்பரும் சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரரின் திவானாக இருந்தவருமான இந்திரநாராயண் சௌதுரி அப்பூசையைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார் என்பதும் அவ்வைதிகத்தின் பகுதி. இதன்படி பார்த்தால் இவ்விழாவும் அவ்வூருக்கு வெளியிலிருந்து வந்ததே.

சந்தன்நகர்த் திருமேனிகள் மிக உயரமானவை. அண்ணாந்து பார்த்தால்தான் அம்மனின் முகம் தெரியும். அவற்றின் மகுடமும் பின்னணித் திருவாசியும் பெரும்பாலும் வெண்ணெட்டி வேலை. அத்திருமேனிகளை நான்காம் நாள் இரவு வண்டிகளில் ஏற்றி ஊர்வலமாக ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்வர். அந்த இரவு ஊர்வலமே ஒளிக்கலைக்குத் தாயாயிற்று.

விளக்கு ஏந்தியவரும் விளக்கு கோத்தவரும்

இரவு ஊர்வலத்துக்கு வெளிச்சம் வேண்டும். தொடக்கத்தில் தீவட்டியும் எண்ணெய் விளக்கும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்லின் நகரத்து ஆலையில் உருவான பெட்ரோமாக்ஸ் விளக்கு இந்தியாவெங்கும் பரவியது. நம் ஊர்த் திருமண ஊர்வலங்களில் 'காஸ் லைட்' என்று அழைக்கப்பட்டு, கூலிக்கு வந்தவர் தலைமேல் சுமந்து சென்ற விளக்கும் அதுவே. ஊர்வலத்தின் ஒளியில் முகம் விளங்கியது மணமகனுக்கும் தெய்வத்துக்கும். விளக்கைச் சுமந்தவர் முகம் நிழலில் இருந்தது.

மின்விளக்கின் கதை வேறு. 1879 சூலை 24ஆம் நாள் கல்கத்தாவில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்து காட்டப்பட்டது. 1882 திசம்பரில், எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறமுள்ள 80 சிறு மின்குமிழ்களைக் கோத்துச் சுற்றினார். உலகெங்கும் விழாக்காலங்களில் தொங்கும் ஒளிச்சரத்துக்கு முன்னோடிகளுள் ஒன்று அது. 1899 ஏப்ரலில் கல்கத்தாவில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் சாமானியர் தெருவில் விழா விளக்கு மின்சாரத்தால் எரிவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் 'சீரியல் செட்' என்று வழங்கும் சரவிளக்கின் இயல்பு எளிது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. 6 வோல்ட்டு மட்டுமே தாங்கும் சிறு குமிழை அதில் நேரே மாட்டினால் நொடியில் கருகிவிடும். ஆனால் அத்தகைய குமிழ்கள் 38 அல்லது 39ஐ ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், அழுத்தம் எல்லாவற்றுக்கும் பகிர்ந்து போய், ஒவ்வொன்றும் தனக்குரிய அளவை மட்டும் பெற்று எரியும். தொடரில் ஒரு குமிழ் பழுதுபட்டாலும் தொடர் முழுவதும் இருண்டுவிடும். எந்தக் குமிழ் பழுது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேடுவது இக்கலையின் மாளாத வேலை.

சந்தன்நகர் மின்கலைஞர்கள் இந்தச் சரத்தை எடுத்துச் சித்திரமாக்கினர். மூங்கிலாலோ இரும்புக் கம்பியாலோ சட்டம் கட்டி, அதில் வரைந்த உருவத்தின் கோட்டோடு குமிழ்களை நெருக்கமாகப் பொருத்தினர். வண்ணக் கண்ணாடித்தாளைச் சுற்றி நிறம் கொடுத்தனர். அடுத்து, அசையாத சித்திரத்தை அசைய வைத்தனர். அதற்கு அவர்கள் கண்ட வழி நுட்பமானது. மர உருளை ஒன்றின்மேல் ஆங்காங்கே உலோகத் தகடுகளைப் பதித்து, சிறு மோட்டாரால் அதைச் சுழற்றுவர். உருளையைத் தொட்டுக்கொண்டு வரிசையாகக் கம்பி நுனிகள் நிற்கும். தகடு வந்து தொடும்போது அந்தக் கம்பிக்குரிய சரம் எரியும்; விலகும்போது அணையும். தகடுகளை எந்த வரிசையில் பதிக்கிறோமோ அந்த வரிசையில் ஒளி ஓடும். மயில் தோகை விரிக்கும், மீன் நீந்தும், புகைவண்டி ஓடும். ஒருவகையில் இதுவும் இசைப்பெட்டியின் உருளை போன்றதே. எத்தனை சரம், எந்த நொடியில் எது எரிய வேண்டும் என்பதெல்லாம் கலைஞனின் மனக்கணக்கில் இருந்தன. ஸ்ரீதர் தாஸ் என்னும் கலைஞர் இத்துறையின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். இவ்வூர் ஒளிச்சித்திரங்கள் நாட்டின் பல நகரங்களுக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றன.

இங்கும் அதே கதை. சிறு குமிழைச் சரமாகக் கோக்கும் எண்ணம் வெளிநாட்டில் பிறந்தது, மின்சாரம் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது, விழா கிருஷ்ணநகரிலிருந்து வந்தது, ஊரோ பிரெஞ்சுக்காரரது. ஆயினும் இன்று 'சந்தன்நகர் விளக்கு' என்றால் வங்காளத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. வெளியிலிருந்து வந்தவை அனைத்தும் அவ்வூர்க் கைகளில் அவ்வூரதாகிவிட்டன.

இற்றை நாளின் இடர்

இக்கலைகள் இரண்டுக்கும் இடர் வந்துள்ளது. நெட்டிக்கு முதல் இடர் நிலத்திலிருந்து வந்தது. அது பயிரிட்டு வளர்ப்பதன்று. சதுப்பிலும் தேங்கிய நீரிலும் தானே முளைப்பது. சதுப்புகள் தூர்க்கப்பட்டு வயலும் வீடும் ஆகும்போது செடிக்கு இடமில்லை. இரண்டாவது இடர் தெர்மாகோல் என்னும் செயற்கைப் பொருள். அதுவும் வெண்மை, அதுவும் இலேசு, விலையும் குறைவு. அச்சில் வார்த்து ஒரே நாளில் நூறு மகுடம் செய்யலாம். கத்தியைப் பிடித்துத் தண்டை உருட்டும் பயிற்சி அதற்கு வேண்டியதில்லை. ஆற்றில் கரைத்தால் நெட்டி மக்கிப்போகும்; தெர்மாகோல் மக்காது.

2022 சூலை 1ஆம் நாள் முதல் நடுவண் அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. அலங்காரத்துக்குரிய தெர்மாகோலும் அத்தடைப் பட்டியலில் இடம் பெற்றது. சட்டத்தின் துணை நெட்டிக்குக் கிட்டியது நன்று. ஆனால் சட்டம் ஒரு பொருளை விலக்க வல்லது. மற்றொரு பொருளைச் செய்யும் கையை உருவாக்க வல்லதன்று. தடை வருமுன் தொழிலை விட்டு வேறு வேலைக்குச் சென்ற மாலாகாரரின் மகன், தடை வந்தது என்பதற்காகத் திரும்பி வந்து கத்தியைப் பிடிப்பானா? கைவினை ஒரு தலைமுறை விட்டுப்போனால் அடுத்த தலைமுறையில் அதைக் கற்பிக்க ஆளிராது. விழாக் காலத்தில் மட்டும் வருவாய் தருகிற தொழிலில், எஞ்சிய மாதங்களுக்கு அடுப்பெரிய வழி கண்டால்தான் கை நிலைத்து நிற்கும்.

ஒளிக்கலையிலும் மாற்றம் வந்துள்ளது. 1990களின் தொடக்கத்தில் சப்பானிய அறிவியலார் நீல நிற ஒளி உமிழும் சிறு படிகத்தைச் செம்மைப்படுத்தினர். சிவப்பும் பச்சையும் முன்னரே இருந்தன. நீலம் கிடைத்ததும் வெள்ளொளியும் எல்லா நிறமும் கைகூடின. அக்கண்டுபிடிப்புக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பயனாக எல்.இ.டி. விளக்குகள் பெருகின. மின்செலவு குறைந்தது, சூடு குறைந்தது, குமிழுக்குத் தாள் சுற்றும் வேலை ஒழிந்தது, மர உருளையின் இடத்தை மின்னணுச் சுற்று பிடித்தது. சந்தன்நகர் கலைஞர்கள் இம்மாற்றத்தையும் கற்றுக்கொண்டு அதில் புதிய சித்திரங்கள் செய்து வருகின்றனர். ஆனால் வெளிநாட்டு ஆலையில் சரமாகவே கோக்கப்பட்டு, மின்னும் முறையும் உள்ளேயே பொருத்தப்பட்டு, பெட்டியில் அடைத்து வரும் விளக்குகளும் கடைத்தெருவை நிரப்பியுள்ளன. மாட்டினால் எரியும். அதற்குக் கலைஞன் தேவையில்லை.

இங்கேதான் தகட்டின் கதையை நினைவுகூர வேண்டும். ஜெர்மானியத் தகடும் வெளியூரிலிருந்து வந்ததே. இன்றைய ஆயத்தச் சரமும் வெளியூரிலிருந்து வருவதே. முன்னது ஊர்க்கைக்கு வேலை கொடுத்தது. அந்தக் கை அதைத் தன்னதாக்கிக்கொண்டது. பின்னது ஊர்க்கைக்கு இடம் வைக்காமல் வருகிறது. ஆகவே பல்லாண்டு எரிந்தாலும் அது விருந்தாகவே இருக்கும், உறவாகாது. ஓர் அணி எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, வந்த பின் யார் கை அதில் பட்டது என்று கேட்பதே தக்க கேள்வி.

நம் வீட்டு நெட்டி

வங்காளத்து நெட்டியைப் பேசும்போது நம் வீட்டு நெட்டியை மறத்தல் ஆகாது. மாட்டுப் பொங்கலன்று காவிரி நாட்டில் மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலையை நேயர்கள் இளமையில் கண்டிருப்பீர்கள். நெட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயம் தோய்த்து, நாரில் கோத்து விற்பார்கள். தை மாதத்துக்கு முன்பு கும்பகோணத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து இதைச் செய்வதுண்டு. தஞ்சாவூரில் நெட்டியைச் செதுக்கிப் பெரிய கோயிலின் உருவத்தை விமானமும் நந்தியுமாக அமைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருவர். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வங்காளத்து மாலாகாரரும் தஞ்சை நெட்டிக் கலைஞரும் கையாள்வது ஒரே செடியை. ஒருவர் அதில் அம்மன் மகுடம் கண்டார். மற்றவர் பெருவுடையார் விமானம் கண்டார். மாட்டின் கழுத்துக்கு மாலை கண்டார் உழவர். வங்காளியின் 'சும்கி'யும் நம் ஊர்ச் சம்கியும் ஒரே மின்னும் பொட்டுத்தான். ஆகவே லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம் துர்க்கை பூசைப் பந்தலில் நிற்கும்போது, எதிரே காண்பது முற்றிலும் அயலார் கலை என்று எண்ண வேண்டுவதில்லை. குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டி, "இது நம் நெட்டிதான்" என்று சொல்லலாம். அதே மூச்சில், நம் ஊரில் அது என்னவாகிறது என்பதையும் சொல்லலாம்.

மும்பையில் வாழ்வோர் தீபாவளிக்கு முன்னர் மாகிம் பகுதித் தெருவில் மூங்கிற்கீற்றும் வண்ணத்தாளும் கொண்டு ஆகாச விளக்குகள் கட்டுவதைக் காணலாம். மைசூரில் உள்ளோர் 1912இல் கட்டி முடித்த அரண்மனை, ஏறத்தாழ ஓர் இலட்சம் குமிழ்களோடு விழா நாள்களில் ஒளிர்வதைக் கண்டிருப்பர். எந்த ஊரில் வாழ்ந்தாலும், அவ்வூர் விழா அணியின் பின்னே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை எந்தத் தெருவில் இருக்கிறது, எவ்வளவு கூலி பெறுகிறது, அடுத்த ஆண்டும் அங்கே இருக்குமா என்று விசாரித்து அறிவது, அவ்வூரில் குடியேறியவர் அவ்வூருக்குக் காட்டும் மரியாதை.

வெளியூரிலிருந்து வந்த தமிழரின் நிலையும் ஒருவகையில் அந்தத் தகட்டின் நிலையே. வந்த இடத்தில் எழுத்தராகவும் ஆசிரியராகவும் பொறியாளராகவும் சமையற்காரராகவும் தொழிலாளியாகவும் உழைத்து, அவ்வூர் வாழ்வோடு தம் கைவேலையைக் கலந்தவர்களை அவ்வூர் தன்னதாக ஏற்கிறது. எத்தனை ஆண்டு ஓர் ஊரில் இருந்தோம் என்பதைவிட, எதில் கை கொடுத்தோம் என்பதே அவ்வூர் நினைவில் நிற்பது.

வரும் பூசைக்காலத்தில் வாய்ப்புடையோர் ஹௌராவிலிருந்து பர்த்தமான் செல்லும் பாதையில் சந்தன்நகர் நிலையத்தில் இறங்கி ஓர் இரவு ஊர்வலத்தைக் கண்டு வருக. பகலில் அவ்வூர்ப் பட்டறைகளையும் பார்த்து வருக. தைத் திருநாளுக்குச் சொந்த ஊர் செல்வோர் திரும்பி வரும்போது ஒரு சரம் நெட்டி மாலை வாங்கி வருக. மாடில்லாத வீட்டில் அதை எங்கே கட்டுவது என்று மயங்க வேண்டா. வாசல் நிலையில் கட்டலாம். அண்டை வீட்டு வங்காளி அதைக் கண்டால் "ஷோலா" என்று உடனே அறிந்துகொள்வார். பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.